மூணு கிளியர்

இது நடந்தது. கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய் டி.வி. பார்க்கலாம். 2012, ஆவணி மாதம், ஒரு புதன்கிழமை சாயங்காலம். ஒரகடத்துக்குப் பின்னால், வெயில் இன்னும் முழுசாக இறங்காத நேரம். பேய் என்றால் நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று யார் சொன்னது? அதற்கென்ன நைட் ஷிப்டா போட்டிருக்கிறார்கள்?

கன்னியப்பன் என்னிடம் இதைச் சொல்லச் சொல்ல, வேல்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினான். அங்கங்கே நான் கொஞ்சம் மசாலா தூவியிருப்பேன், மறுக்கவில்லை. பென்ஷன் வாங்குகிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? ஆனால் பயத்தில் மட்டும் ஒரு சிட்டிகைகூட நான் சேர்க்கவில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். நானும் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வேல்ராஜ் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. பிரஸ் மெஷின். மெஷின் என்றதும் உங்கள் வீட்டு மிக்சியை நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாடி உயரம். அது ஓர் அடி அடித்தால் வாலாஜாபாத்தில் தொட்டிலில் தூங்கும் குழந்தை எழுந்து அழும்.

அந்த மெஷினுக்கு மூன்று பேர். முன்னால் வேல்ராஜ். இடது பக்கம் கன்னியப்பன். பின்னால் சுப்பிரமணி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனால் குரல் கொடுத்துத்தான் வேலை. தகட்டை வைத்துக் கையை வெளியே எடுத்ததும் வேல்ராஜ் "ஒண்ணு கிளியர்!" என்று கத்துவான். கன்னியப்பன் "ரெண்டு கிளியர்!" என்பான். கடைசியாகப் பின்னாலிருந்து சுப்பிரமணி. குன்றத்தூர்க்காரன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டிய மாதிரி ஒரு குரல். "மூணு கிளியர்ர்ர்!" என்று அந்த 'ர்'ரை ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் இழுத்துக்கொண்டு போவான்.

மூன்றும் வந்த பிறகு வேல்ராஜ் "ரன்!" என்று சொல்லிப் பச்சைப் பட்டனை அமுக்குவான். ஒரு குரல் வராவிட்டாலும் அமுக்கக் கூடாது. யாராவது "ஸ்டாப்!" என்று கத்தினால், ஏன் எதற்கு என்று கேட்காமல் மூன்று பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட வேண்டும். ஷிப்ட் முழுக்க, நாள் முழுக்க, வருஷம் முழுக்க இதே பல்லவி. கன்னியப்பன் தூக்கத்தில்கூட "ரெண்டு கிளியர்" என்று சொல்லி அவன் அம்மாவிடம் விளக்குமாற்றால் வாங்கியிருக்கிறான்.

இந்தக் கன்னியப்பன் உள்ளூர்க்காரன். அப்பா இல்லை. கிளியம்மாளுக்கு ஒரே பிள்ளை. ஃபேக்டரிக்கு நிலம் போனது, அதே ஃபேக்டரிகளில் ஒன்றில் பிள்ளைக்கு வேலையும் கிடைத்தது. வேலை கிடைத்த ஜோரில் கியர் வைத்த மலை சைக்கிள் ஒன்று வாங்கினான். கொஞ்ச நாளில் வேல்ராஜையும் பழைய சைக்கிள் ஒன்றை வாங்க வைத்துவிட்டான். ஊரே சிரித்தது. மலையே இல்லாத ஊரில் மலை சைக்கிளாம்! ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்ததும் இரண்டு பேரும் ஏரிக்கரை, செம்மண் மேடு, முள்ளுக்காடு என்று மிதித்துவிட்டு, புழுதியில் முக்கி எடுத்த வடை மாதிரி திரும்பி வருவார்கள்.

அன்றைக்கு விடியற்காலையில்தான் கன்னியப்பன் வீட்டில் பந்தக்கால் நட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெண் சந்திரலேகா, சிங்கப்பெருமாள் கோவில். மறுநாளிலிருந்து கன்னியப்பனுக்கு லீவு. ஆகவே கடைசியாக ஒரு ரவுண்டு. வேல்ராஜ் சைக்கிளோடு வாசலில் வந்து நின்றபோது மணி 5:10. கிளியம்மாள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா தம்பி, இன்னிக்குமா?"

"ஒரு சின்ன ரவுண்டும்மா. இந்தா போனோம், வந்தோம்."

"பந்தக்கால் நட்டாச்சி. பொழுது சாஞ்சா மாப்ள வூட்ட தாண்டக் கூடாது. தண்ணிப் பக்கம் போவக் கூடாது. அந்தக் கல்லுக்குட்டை இருக்குதே, அதுக்குத் தல வெச்சுகூடப் படுக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

கல்லுக்குட்டை என்பது பழைய கல்குவாரி. பாறையை வெட்டி வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப் போன பள்ளம். மழைத்தண்ணீர் நிறைந்து கறுப்பாகக் கிடக்கும். அடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. கல்லைக் கட்டிக் கயிறு விட்டுப் பார்த்தவர்களிடம் கயிறு தீர்ந்ததே தவிர, குட்டை தீரவில்லை.

"யம்மா, வெளக்கு வைக்க முன்ன ஒங்க புள்ளைய முழுசா கொண்டாந்து விட்டுருதேன். எம் பொறுப்பு."

"உன் பொறுப்பு. சொல்லிட்டேன். இவன் மேல எனக்கு நம்பிக்க கெடயாது. போன காதுல மாட்டினான்னா கெணத்துல உழுந்தாக்கூட தெரியாது இவனுக்கு."

"இன்னாம்மா நீ, கல்யாணத்துக்கு முன்னாடியே மானத்த வாங்கறே!" என்றான் கன்னியப்பன்.

"அது இருந்தாத்தான வாங்கறதுக்கு?" என்று அவள் உள்ளே போனாள்.

கிளம்பினார்கள். முதலில் புதிதாகப் போட்ட சிப்காட் சாலை. அகலம் என்றால் அப்படி ஓர் அகலம், நாலு தேரை ஒரே சமயத்தில் இழுத்துக்கொண்டு போகலாம். ஆனால் ஒரு ஈ, காக்கை கிடையாது. இரண்டு பக்கமும் கேட் இருக்கிறது, கம்பெனி இல்லை. செக்யூரிட்டி கூண்டு இருக்கிறது, செக்யூரிட்டி இல்லை. பட்டப்பகலில் தெருவிளக்கு எரிகிறது, யாருக்காக என்று தெரியவில்லை. வேல்ராஜ் முன்னால். கன்னியப்பன் பின்னால், ஒரு காதில் இயர்போன், வாயெல்லாம் பல்.

"ஏல மாப்ள, பொண்டாட்டிட்டப் பேசுனது போதும். ரோட்டப் பாரு."

"இன்னும் பொண்டாட்டி ஆவலடா. அதான் இனிக்கிது."

"ஞாயித்துக்கெழமைக்குப் பொறவு நானும் பாக்கத்தான போறேன், எவ்ளோ இனிக்குன்னு."

சாலை சட்டென்று முடிந்தது. அதற்கு மேல் போட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. செம்மண் தடம், இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். ஒரு சைக்கிள் போகிற அகலம்தான். முள் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும். தலையைத் திருப்பினால் கண் போய்விடும். பின்னால் வருகிறவன் வருகிறானா, இல்லை வருங்கால மனைவியோடு பேச்சு சுவாரஸ்யத்தில் எங்கேயாவது நின்றுவிட்டானா? வேல்ராஜ் விளையாட்டாகக் குரல் கொடுத்தான்.

"ஒண்ணு கிளியர்!"

"ரெண்டு கிளியர்!" மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே பின்னாலிருந்து பதில்.

"ரன்!"

இப்படி ஒரு விளையாட்டு தொடங்கியது. எதிரே ஓர் அம்மாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். சைக்கிள்களுக்கு வழிவிட்டு ஆடுகளை ஓரமாக ஒதுக்கிப் பிடித்தாள். வேல்ராஜ் கடந்தான். கன்னியப்பனும் கடந்தான். ஓர் ஆடு தடத்துக்கு வரப் பார்த்தது. அவள் அதன் காதைப் பிடித்து இழுத்து, "இருடி, போவட்டும்" என்று அதட்டுவது வேல்ராஜ் காதில் விழுந்தது. அதான் போய்விட்டோமே, இன்னும் யாருக்கு வழி விடுகிறாள் என்று ஒரு நொடி தோன்றியது. மேடு வந்தது. கியரை மாற்றியதில் அந்த யோசனையும் போய்விட்டது.

"ஒண்ணு கிளியர்!"

"ரெண்டு கிளியர்!"

"மூணு கிளியர்ர்ர்!"

"ரன்!"

மேடு ஏறி இறங்கினார்கள். வாய்க்கால். தவளைகள் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தன. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டி, மறுபடி ஏறி மிதித்தார்கள். வேல்ராஜ் முன்னால் போய்விட்டான். வெயில் பனைமரத்துக் கழுத்துக்கு வந்துவிட்டது. மணி 5:50. விளக்கு வைக்கும் முன் வீடு சேர வேண்டும்.

"ஒண்ணு கிளியர்!"

"ரெண்டு கிளியர்!"

"மூணு கிளியர்ர்ர்!"

தவளைகள் சட்டென்று நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

"ரன்!"

நீங்கள் கவனித்துவிட்டீர்கள். எனக்குத் தெரியும், இந்நேரம் சேலைத் தலைப்பையோ துண்டையோ இழுத்துப் போர்த்தியிருப்பீர்கள். ஆனால் வேல்ராஜ் கவனிக்கவில்லை. அவனைக் குறை சொல்லாதீர்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை மூன்று குரல் கேட்டுக் கேட்டுப் பழகிய காது. மூன்றாவது குரல் வராமல் இருந்தால்தான் அந்தக் காதுக்கு ஏதோ குறையும். வந்துவிட்டால் எல்லாம் சரி. அதுவும் சுப்பிரமணியின் குரல். அதே கூழாங்கல். அதே இழுவை. கை தானாக பிரேக்கை விட்டது, வாய் தானாக "ரன்" சொன்னது.

அப்படி எத்தனை தடவை சொன்னானோ, அவனுக்கே தெரியாது.

தடம் இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஏரிக்கரை. அதன் மேலேயே போனால் ஊர். வலது பக்கம் கல்லுக்குட்டை. வேல்ராஜ் இடது பக்கம் திரும்பி, "லெஃப்ட்ல வாலே!" என்று கத்திவிட்டு ஏறினான். கரை செங்குத்தான மேடு. நுரையீரல் வாய்க்கு வந்தது. மேலே போய் நின்று, இரைக்க இரைக்கக் கூப்பிட்டான்.

"ஒண்ணு... கிளியர்..."

பதில் இல்லை.

பிறகு...

"மூணு கிளியர்ர்ர்."

'ரன்' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே நின்றது.

ரெண்டு எங்கே?

ரெண்டு சொல்லாமல் மூணு சொல்லக் கூடாது. அது லைனில் ரூல். சுப்பிரமணி ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டான். அவன்... சுப்பிரமணி...



சுப்பிரமணிக்கு இன்றைக்கு ஓ.டி. மூன்றரை மணிக்குக் கம்பெனி வாசலில் டீ குடிக்கும்போது அவனே சொன்னான். இந்நேரம் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பான். சைக்கிளே இல்லை அவனிடம். ஓட்டவும் தெரியாது அவனுக்கு.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மேட்டில் ஏறும்போது தனக்கு மூச்சு வாங்கியது. கன்னியப்பனுக்கு வாங்கியது. அந்த மூன்றாவது குரலுக்கு மட்டும்... வாங்கவே இல்லை.

திரும்பிப் பார்த்தான்.

தடம் காலி.

"ஏல கன்னி!"

காற்றில்லை. ஒரு முள் அசையவில்லை.

போன் போட்டான். "நீங்கள் தொடர்பு கொள்ள விரும்பும் வாடிக்கையாளர்..." அணைத்தான்.

'உன் பொறுப்பு. சொல்லிட்டேன்.' கிளியம்மாளின் குரல் மண்டைக்குள் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். ஒரே பிள்ளை. சைக்கிளைத் திருப்பிக் கரையிலிருந்து அப்படியே உருட்டிவிட்டான். கீழே வருவதற்குள் மூன்று தடவை விழுந்து எழுந்திருப்பான். அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை.

பிரிவில் வந்து குனிந்து பார்த்தான். செம்மண்ணில் டயர் தடம். ஒன்று இடது பக்கம், அவனுடையது. இன்னொன்று... வலது பக்கம்.

கல்லுக்குட்டைப் பக்கம்.

அந்தத் தடத்தில் மிதித்தான். மணி 6:15. வானம் பழுத்த ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிட்டது. கருவேலம் முடிந்தது. உடைந்த கருங்கல் குவியல்கள். அதற்கு அந்தப் பக்கம் ஒரு சரிவு, மேலே ஏறுகிற மாதிரி. முன்பு லாரி போன பாதை. சரிவின் உச்சிக்கு அப்பால் பாதை தொடர்வது போலத் தெரிந்தது.

தொடரவில்லை.

அப்பால் இருந்தது வெறும் வானம். கீழே குட்டை.

அந்தச் சரிவில், அவசரமே இல்லாமல், கன்னியப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தான்.

"கன்னி! ஏலேய்!"

திரும்பவில்லை. யாரையோ பார்த்தபடி, தலையை ஆட்டி ஆட்டி, சிரித்தபடி...

"மூணு கிளியர்ர்ர்."

எங்கிருந்து வந்தது? சரிவுக்கு அப்பாலிருந்து. மண் முடிந்த இடத்துக்கும் அப்பாலிருந்து. தண்ணீருக்கு மேலே, வெறும் காற்றிலிருந்து.

கன்னியப்பன் உற்சாகமாக ஒரு மிதி மிதித்தான்.

பத்தடி.

எட்டடி.

ஓடிப் பிடிக்க முடியாது. பெயரைச் சொன்னால் கேட்கவில்லை. வருஷக்கணக்காக அந்தக் காதுக்குள் போய்ப் போய் எலும்பில் ஏறிய ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். வேல்ராஜ் அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"ஸ்டாப்!"

கன்னியப்பனின் இரண்டு கைகளும் விருட்டென்று தலைக்கு மேலே போயின.

ஹேண்டில் மடங்கியது. ஆள் பக்கவாட்டில் தொம்மென்று விழுந்தான். சைக்கிள் மட்டும் தன் பாட்டுக்கு உருண்டு... விளிம்பைத் தாண்டி... போய்விட்டது.

சத்தமே இல்லை.

வேல்ராஜ் ஒரு மூச்சு விட்டான். இன்னொரு மூச்சு விட்டான்.

...தப்.

எங்கேயோ, கீழே.

ஓடிப் போய்க் கன்னியப்பனின் காலைப் பிடித்து இழுத்தான். பாதி உடம்பு விளிம்புக்கு வெளியே இருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து, தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட குழந்தை மாதிரி விழித்தான்.

"இன்னாடா? எங்க அவன்?"

"எவன்?"

"சுப்பிரமணிடா. இப்ப முன்னாடி போய்கினு இருந்தானே. யூனிபார்ம்கூட மாத்தல. நீ அவனுக்கு முன்னாடி போறேன்னு நெனச்சிகினு..." நிறுத்தினான். முகம் வெளுத்தது. "...அவன் எதுல போய்கினு இருந்தான்?"

வேல்ராஜ் அவனை விளிம்பிலிருந்து இன்னும் பின்னால் இழுத்தான்.

கீழே, தண்ணீருக்குள்ளிருந்து, மிக நிதானமாக...

"மூணு கிளியர்ர்ர்."

காத்திருந்தது.

எதற்காகக் காத்திருக்கிறது என்று வேல்ராஜுக்குத் தெரிந்தது. அவனுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வந்தால் அடுத்த வார்த்தை அவனுடையது. அந்த வார்த்தை தொண்டையில் ஏறியது. சொல்லக் கூடாது என்று நினைக்க நினைக்க ஏறியது. கொட்டாவியை அடக்குகிற மாதிரி, தும்மலை அடக்குகிற மாதிரி. நாக்கு மடிந்து 'ர'வுக்குத் தயாராகிவிட்டது. அவன் தன் முன்கையை வாயில் திணித்துக் கடித்தான். ரத்தம் வரும் வரைக்கும் கடித்தான்.

"மூணு கிளியர்ர்ர்."

பக்கத்தில் கன்னியப்பனின் உதடு அசைந்தது. "ரெண்..."

வேல்ராஜ் இன்னொரு கையால் அவன் வாயைப் பொத்தினான்.

எழுந்தார்கள். ஓடினார்கள். ஒரு சைக்கிளை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு, யார் உருட்டுகிறார்கள் என்றே தெரியாமல் ஓடினார்கள். கல்குவியல் தாண்டும்போது அது பின்னால் கேட்டது. கருவேலத்தில் கேட்டது. வாய்க்கால் பக்கம் கேட்டது. கிட்டேயும் வரவில்லை. எட்டியும் போகவில்லை. மெஷினுக்குப் பின்னாலிருந்து கேட்குமே, அதே தூரம்.

ஊர் தெரிந்த பிறகுதான் நின்றது. அவர்கள் வாசலுக்கு வந்தபோது மணி 6:55. பந்தக்காலுக்கு அருகே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கிளியம்மாள் விளக்குமாற்றோடு நிற்பாள் என்று நினைத்தார்கள். அவள் வெறும் கையோடுதான் நின்றாள். மகனின் முகத்தைப் பார்த்தாள். வேல்ராஜின் முன்கையிலிருந்து ரத்தம் சொட்டுவதைப் பார்த்தாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள். உட்கார வைத்தாள். நடந்ததை எல்லாம் கன்னியப்பன் குளறிக் குளறிச் சொல்ல, ஒரு வார்த்தை திட்டாமல் கேட்டாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தக் கொரலு, தெரிஞ்ச ஆளு கொரலா?"

"சுப்பிரமணி கொரலும்மா. அப்பிடியே அவன் கொரலு."

கிளியம்மாள் அவர்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் அந்தக் குட்டையில கல்லு ஒடச்சிகினு இருந்தேன். அப்போ அதுல தண்ணி கெடயாது. வெடி வெக்கறதுக்கு முன்னாடி மூணு மூலையிலயும் ஆளு நின்னு பாப்பாங்க. பள்ளத்துல யாரும் இல்லேன்னா கொரல் குடுப்பாங்க. மூணு கொரலும் வந்தாத்தான் திரியப் பத்த வெப்பாங்க."

"செரி..."

"அன்னிக்கு மூணாவது மூலைக்குப் போவ வேண்டியவரு கோபாலு. இன்னும் போவல. பீடி பத்த வெச்சிகினு என் பக்கத்துல நிக்கறாரு. மொத மூலையில கொரல் வந்துது. ரெண்டாவது மூலையில வந்துது. மூணாவதும் வந்துது. கோபாலு கொரலு. நான் திரும்பி அவரப் பாக்கறேன். பீடி வாயில கீது. உதடு மூடி கீது. கொரலு மட்டும் அந்தாண்ட மூலையிலருந்து வருது."

வேல்ராஜ் செம்பைக் கீழே வைத்தான்.

"பத்த வெச்சிட்டாங்க. அந்த மூலையில கீழ ரெண்டு பொம்பளைங்க கல்லு பொறுக்கிகினு இருந்தாங்க. ரெண்டு பேரும் போயிட்டாங்க. அதனால அங்க சுத்தறது செத்தவங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க. எனக்குத் தெரியும், அது அவங்க கெடயாது. அவங்க சாவறதுக்கு முன்னாடியே அது அங்க இருந்துது."

"கோபால் என்னம்மா ஆனாரு?" என்றான் வேல்ராஜ்.

"இன்னா ஆவறது? நல்லாத்தான் இருந்தாரு. சோறு துன்னாரு, வேலைக்குப் போனாரு. சாவற வரிக்கும் வாயிலருந்து ஒரு சத்தம் வரல. அதான் அவரோடத எடுத்துகிச்சே."

அன்றைக்கு ராத்திரி வேல்ராஜ் ரூமுக்குப் போகவில்லை. கிளியம்மாள் விடவில்லை. மகனையும் அவனையும் நடுவீட்டில் படுக்க வைத்து, கதவைத் தாழ் போட்டு, கதவின் மேல் சாய்ந்துகொண்டு அவளே உட்கார்ந்திருந்தாள். சுப்பிரமணிக்குப் போன் அடித்துப் பார்த்தார்கள். ரிங் போனது. யாரும் எடுக்கவில்லை.

காலையில் வேல்ராஜ் ஷிப்டுக்குப் போனான். மெஷினுக்குப் பின்னால் வேறு ஆள் நின்றான். வேல்ராஜ் பாதி நாள் பர்மிஷன் சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடம் மார்க்கெட்டுக்குப் பின்னால் சுப்பிரமணி குடியிருந்த வீட்டுக்குப் போனான். நல்ல வெயில். தெருவில் பால்காரர், ஸ்கூல் பிள்ளைகள், இட்லிக் கடை, சத்தம். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

சுப்பிரமணியின் மனைவி லீலாதான் கதவைத் திறந்தாள். கண் சிவந்திருந்தது.

"உள்ள வாங்கண்ணா. நேத்து ஓ.டி.ல பாதியிலயே அனுப்பிச்சிட்டாங்க. மெஷின்ல நின்னுகினே இருந்தாராம். திடீர்னு சத்தம் வரலியாம். சூப்பர்வைசர் கத்தறாரு, இவரு வாயத் தொறக்கறாரு, ஒண்ணுமே வரல."

"எத்தன மணிக்கும்மா?"

"ஆறு மணி வாக்குல. தொண்ட கட்டிகிச்சின்னு மாத்தர குடுத்து அனுப்பி கீறாங்க."

சுப்பிரமணி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். யூனிபார்ம்கூட மாற்றவில்லை. வேல்ராஜைப் பார்த்ததும் அவன் கண்கள் விரிந்தன. வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. உதடு அசைந்தது.

ஒன்றும் வரவில்லை.

வேல்ராஜ் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். கை ஐஸ் மாதிரி இருந்தது.

"ராத்திரி பூரா இதே மாதிரிதாண்ணா," என்றாள் லீலா. "தூங்கவே இல்ல. வாய் அசைஞ்சிகினே கீது. யாருக்கோ பதில் சொல்றாப்ல. நான் பயந்துட்டேன்."

"யாருக்கு பதில்?"

லீலா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கேலி செய்கிறானா என்று பார்க்கிற பார்வை.

"இன்னாண்ணா கேக்கறீங்க? ஒண்ணு கிளியரு, ஒண்ணு கிளியருன்னு விடியற வரிக்கும் வாசல்ல நின்னு கூப்ட்டுகினே இருந்தது நீங்கதான? கதவத் தொறந்தா ஆளக் காணோம். உள்ள வந்து படுத்தா மறுபடியும் உங்க கொரலு."

தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

நானில்லை என்று சொல்ல, வேல்ராஜ் வாயைத் திறந்தான்.